மின்சைக்கிளின் வலு எங்கே போகிறது?



மின்சாரத்தால் ஓடும் துவிச்சக்கரவண்டி வைத்திருப்போர் சொல்லும் முறைப்பாடுகளுள் ஒன்று ஏனையவற்றிலும் விசித்திரமானது. வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்திச் சில்லைத் தூக்கி முடுக்கியைத் திருகினால் மோட்டர் இரைந்துகொண்டு சுழல்கிறது. ஒழுங்கையில் ஓட்டிப் பார்த்தாலும் குறை தெரிவதில்லை. ஆனால் மூன்று நான்கு கிலோமீற்றர் சென்று, ஒரு மேட்டிலோ எதிர்க்காற்றிலோ அகப்பட்டதும் வண்டி இளைக்கிறது. சிறிது தூரத்தில் ஓய்ந்தும் விடுகிறது. இறங்கி ஐந்து நிமிடம் நின்றால் மறுபடி உயிர் பெறுகிறது. திருத்துவோரிடம் கொண்டு சென்றாலோ, அங்கே ஒரு குற்றமும் இல்லாதது போல ஓடிக் காட்டுகிறது. வைத்தியர் வீட்டு வாயிலை மிதித்ததும் நோய் மறைந்துவிடும் நோயாளியின் கதைதான் இது.

2022 ஆம் ஆண்டில் இந்நாட்டின் எரிபொருள் நிலையங்களின் முன்னே மக்கள் நாட்கணக்காகக் காத்து நின்றதை நாம் மறந்துவிடவில்லை. அக்காலத்திற் பழைய சைக்கிள்கள் தூசு தட்டி எடுக்கப்பட்டன. சில வண்டிகளுக்கு மோட்டரும் பற்றரியும் பூட்டப்பட்டன. வேறு சிலர் புதிய மின்சைக்கிளையே வாங்கினர். அன்று வாங்கிய பற்றரிகள் இப்போது முதுமை எய்தும் வயதுக்கு வந்திருக்கின்றன. வண்டியின் பாகங்களுட் பெருவிலை உடையது பற்றரியே. ஆதலால், "மோட்டர் போய்விட்டது" என்றோ "பற்றரியை மாற்றுங்கள்" என்றோ ஒருவர் கூறும் தீர்ப்பு, மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்குச் சிறிய செய்தியன்று. அத்தீர்ப்பை ஏற்குமுன் பார்க்கவேண்டியவை எவை என்பதையே இன்று பேச எண்ணுகிறேன். நான் கலைத்துறையிற் பட்டம் பெற்றவன். ஆயினும் பௌதிகவியல் ஆசிரியர்களின் அருகே பல்லாண்டு பணியாற்றியவன். அவர்கள் சொல்ல, காட்ட, அளக்கக் கண்டவற்றையே கூறுகிறேன்.

முதலில் வலு என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். மோட்டருக்குச் செல்லும் மின்வலு இரண்டு அளவுகளின் பெருக்கம்: வோல்ற்றளவு ஒன்று, மின்னோட்டம் மற்றொன்று. 36 வோல்ற்றில் 15 அம்பியர் ஓடினால் 540 உவாற்று. இவ்விரண்டில் எது குறைந்தாலும் வலு குறையும். இனி, ஓட்டம் மிகுந்தால் வழியிலுள்ள ஒவ்வொரு தடையும் தன் பங்கைப் பறித்துக்கொள்ளும். ஓட்டம் இருமடங்கானால் அத்தடையில் வீணாகும் வெப்பம் நான்கு மடங்காகும். சில்லைத் தூக்கிச் சுழற்றும்போது ஓட்டம் மிகச் சிறிது. தடைகள் வாய் திறவா. பாரம் ஏறிய பின்னரே அவை தம் குணத்தைக் காட்டும். முற்றத்தில் நல்ல பிள்ளையாக இருந்த வண்டி வெளியிற் சண்டித்தனம் செய்வதன் இரகசியம் இதுவே.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த ஒக்டன் போல்ற்றன் என்பவர் 1895 ஆம் ஆண்டிலேயே மின்சைக்கிளுக்கு ஆக்கவுரிமைப் பத்திரம் பெற்றார். பிற்சில்லின் குடத்துக்குள்ளேயே மோட்டரை வைத்தார். இன்றைய வண்டிகள் பலவற்றின் அமைப்பும் அதுதான். அவர் கருதிய பற்றரி 10 வோல்ற்று. மோட்டரோ 100 அம்பியர் வரை ஓட்டம் பெறத்தக்கது. எண்ணிப் பாருங்கள்: நூறு அம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமின் நூறிலொரு பங்குத் தடை இருந்தாலும் ஒரு வோல்ற்று அங்கேயே போய்விடும். பத்தில் ஒன்று! இன்று 36 அல்லது 48 வோல்ற்றுப் பற்றரிகளை வைப்பதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. அதே வலுவைச் சிறிய ஓட்டத்தால் அனுப்பினால் வழியில் இழப்பதும் சிறிது.

மின்சாரத்திற் கைவைக்குமுன் சைக்கிளைச் சைக்கிளாகவே பாருங்கள். ரயரில் காற்றுப் போதாமை, பிறேக்குக் கட்டை விளிம்பில் உராய்தல், சில்லின் குண்டுகள் தேய்தல் ஆகிய எவையும் மோட்டருக்குப் பாரமே. சில்லைத் தூக்கிக் கையாற் சுழற்றினால் அரை நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். காற்றையும் மறவாதீர்கள். காற்றில்லாத நாளில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர், 20 கிலோமீற்றர் வேகமுள்ள எதிர்க்காற்றில் அதே வேகத்தைக் காப்பாற்ற முயன்றால், காற்றை எதிர்க்கச் செலவிடும் வலு மூன்று மடங்குக்கும் மேலாகும். மேடு பள்ளம் அதிகமில்லாத யாழ்ப்பாணத்தில், சோழகக் காற்றே நமது மலை.

அக்காற்றைக் குறிப்பிடக் காரணம் உண்டு. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகத்திலுள்ள பாடசாலைக்கு மின்சைக்கிளில் வந்துகொண்டிருந்தார், என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர். சோழகம் வீசும் மாதங்களிற் காலை வேளையில் வண்டி பாலத்தின் நடுவே நின்றுவிடும். இருபுறமும் கடல்; ஒதுங்க நிழலில்லை. வண்டியை உருட்டிக்கொண்டு அவர் வந்து சேர்கையில் வரவுப் பதிவேட்டிற் சிவப்புக்கோடு விழுந்திருக்கும். கோடு கீறுபவன் நானாகையால் காரணம் கேட்பதும் என் கடமையாயிற்று. மாலையில் அதே பாலத்தில், அதே வண்டி ஒரு தொல்லையுமின்றி ஓடும் என்றார். அவர் காட்டிய திருத்துமிடத்தில் பற்றரி முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம். காப்பு ஒன்றை அடைவு வைப்பது என்ற முடிவுக்கும் அவர் வந்திருந்தார்.

எங்கள் பௌதிகவியல் ஆசிரியர் கேட்ட முதற் கேள்வி, "எப்போது நிற்கிறது, ரீச்சர்? ஒவ்வொரு நாளுமா?" என்பது. இல்லை. அவர் இரண்டு நாட்களுக்கு ஒருமுறையே மின்னேற்றுபவர்; இரண்டாம் நாட் காலையிலேதான் தொல்லை. "நிற்கும்போது கைபிடியிலுள்ள திரை அணைந்துவிடுகிறதா?" அதுவும் இல்லை. திரை எரிந்தபடியே இருக்கும். மோட்டர் மட்டும் ஓயும். இவ்விரு விடைகளுமே பாதி வைத்தியம்.

அவர் ஆய்வுகூடத்துப் பல்மானியை எடுத்து, தகுந்த காவலுள்ள கம்பிகளால் இணைத்துக் கைபிடியிற் கட்டி, வண்டியை எதிர்க்காற்றில் ஓட்டிப் பார்த்தார். ஓய்ந்து நிற்கையிற் பற்றரி காட்டியது 37.5 வோல்ற்று, பாதிக்கு மேல் மின்னேற்றம் உள்ள 36 வோல்ற்றுப் பற்றரிக்கு இது முறையான அளவே. முழுப்பாரத்தில், பற்றரியின் முனைகளிலேயே அளந்தபோது 34.2. சற்று வயதான பற்றரிக்கு அவ்வீழ்ச்சி வியப்பன்று. ஆனால் மோட்டருக்கு ஓட்டத்தைப் பங்கிட்டு அனுப்பும் கட்டுப்படுத்தியின் வாயிலில் அளந்தபோது கண்டது 30.8! இத்தகைய கட்டுப்படுத்திகள் ஏறத்தாழ 31 வோல்ற்றுக்குக் கீழே சென்றால், பற்றரி வறண்டுவிட்டது என்று கருதி மோட்டரை நிறுத்திவிடும். பற்றரி வறளவில்லை. பற்றரிக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே 3.4 வோல்ற்றை யாரோ களவெடுக்கிறார்கள்.

கள்வன் இருந்த இடம் அரைச்சாண் நீளமில்லாத ஒரு செருகி. கடற்காற்றில் நாள்தோறும் போய்வந்ததால் அதன் பித்தளை முனைகளிற் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சுற்றியிருந்த பிளாத்திக்குப் பழுப்பேறி இளகியிருந்தது. அக்கட்டுப்படுத்தியின் உச்ச ஓட்டம் 15 அம்பியர். ஆகவே அந்தச் செருகியில் மட்டும் ஏறத்தாழ 50 உவாற்று வெப்பமாக வீணாகியது. ஈயம் பற்றவைக்கும் கோலொன்றைக் கரியருக்கு அருகே எரியவிட்டுப் பயணம் செய்வதற்கு இது சமம். தடையைக் கணக்கிட்டால் கால் ஓமுக்கும் குறைவு. ஓட்டமில்லாத வேளையிற் பல்மானியின் மணியை அடித்துப் பார்ப்பவர், "தொடர்பு நன்றாக இருக்கிறது" என்றே சொல்வார். அவர் சொல்வது பொய்யுமன்று. மாலையில் முதுகுக் காற்று. ஓட்டம் மூன்றிலொரு பங்காகக் குறைந்தால் செருகியில் இழக்கும் வோல்ற்றளவும் மூன்றிலொரு பங்கே. ஆகையால் மாலையில் வண்டி நிற்கவில்லை. புதிய செருகியை இறுக்கமாகப் பொருத்தியபின் கட்டுப்படுத்தியின் வாயிலில் 34 வோல்ற்று நின்றது. காப்பு கையிலேயே இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. செம்பு, பித்தளைப் பாத்திரங்களின் களிம்பைப் புளி போட்டுத் துலக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. செருகிக்கு அது கூடாது. புளியின் அமிலமும் அதனோடு சேர்ந்த உப்பும் இடுக்கிலே தங்கி, விட்ட குறையைத் தொடரும். மின்முனைகளுக்கென்றே விற்கப்படும் துப்புரவுத் திரவத்தால், பற்றரியைக் கழற்றிய பின்னர் துடைக்கலாம். பழுப்பேறிய செருகியைத் துடைப்பதிலும் பயனில்லை; மாற்றிவிடுவதே முறை.

எல்லா வண்டிகளிலும் குற்றவாளி செருகியே என்று நான் சொல்லவரவில்லை. வலு எவ்வாறு இழக்கப்படுகிறது என்பதைக் கவனித்தால் தேடவேண்டிய இடம் தானே சுருங்கும். மோட்டரும் திரையும் ஒருங்கே அணைந்து, பின்னர் ஆளியை மூடித் திறந்தாலோ மின்னேற்றியில் இணைத்தாலோ உயிர் பெறுமாயின், ஐயம் பற்றரிக்குள்ளே உள்ள காவற்சுற்றின்மேற் செல்லவேண்டும். 36 வோல்ற்று இலிதியம் பற்றரியில், பத்துக் கலங்கள், அல்லது சமாந்தரமாகச் சேர்த்த பத்துக் கலக்கூட்டங்கள், தொடராக நிற்கின்றன. நிறைந்த வேளையில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ற்று; மொத்தம் 42. பத்துப்பேர் வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றுகையில் ஒருவர் சோர்ந்தால் வரிசை முழுவதும் நின்றுவிடுமல்லவா? ஒன்பது கூட்டங்கள் திடமாயிருக்க, ஒன்று மட்டும் நலிந்து, பாரத்தில் அதன் வோல்ற்றளவு எல்லைக்குக் கீழே விழுந்தால், காவற்சுற்று முழுப் பற்றரியையும் துண்டித்துவிடும். மொத்த வோல்ற்றளவை மட்டும் பார்ப்பவருக்கு இந்நலிவு புலப்படாது. முழுதும் ஏற்றிய பின்னரும் 42க்கு எட்டாமல் நிற்பதும், ஒரு வண்டியையும் ஓட்டாமலே மறுநாட் காலையில் மேலும் இறங்கியிருப்பதும் இதன் அடையாளங்கள். சில பற்றரிகளில், பச்சை விளக்கு எரிந்த பின்னும் சில மணித்தியாலம் இணைத்து வைத்தால், கலங்கள் தம்முட் சமநிலை அடைவதுண்டு. வீட்டார் விழித்திருக்கும் வேளையிலேயே அதைச் செய்தல் வேண்டும்.

ஈயவமிலப் பற்றரி பூட்டிய வண்டியானால் வேலை இலகு. 12 வோல்ற்றுப் பெட்டிகள் மூன்றோ நான்கோ தொடராக இருக்கும். ஒவ்வொன்றையும் பாரத்தில் தனித்தனியே அளக்கலாம். ஏனையவை 12க்கு அருகே நிற்க, ஒன்று மட்டும் 10க்கு விழுந்தால் நோயாளி அகப்பட்டுவிட்டார். ஈயவமிலப் பற்றரியை விரைவாக வெறுமையாக்கினால், மெதுவாக வெறுமையாக்கும்போது கிடைக்கும் அளவு மின் கிடைப்பதில்லை. இதனை ஜேர்மானியரான பொய்க்கெர்ட் 1897 இல் விதியாகவே வகுத்தார். மேட்டில் முழு முடுக்கத்தில் ஏறுவோர் நினைவில் வைக்கத்தக்கது.

திரை எரிய, மோட்டர் மட்டும் குழியிலோ கல்லிலோ விழும்போது வெட்டி வெட்டி ஓய்ந்தால், பிறேக்குப் பிடியைப் பாருங்கள். பிறேக்குப் பிடித்தவுடன் மோட்டர் ஓயும்படி அப்பிடிக்குள் சிறிய ஆளி ஒன்று வைக்கப்பட்டிருக்கும். பிடி முழுதும் மீளாவிட்டால், ஓட்டுபவர் பிறேக்கை மிதமாகப் பிடித்திருக்கிறார் என்றே கட்டுப்படுத்தி நினைக்கும். அவ்வாளியின் கம்பியைக் கழற்றி, வாகனம் இல்லாத இடத்தில் ஓட்டிப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். பார்த்தபின் மறவாமல் மாட்டிவிடவும் வேண்டும். இச்சிறு ஆளிக்காக மோட்டரையே கழற்றிய இடங்களும் உண்டு.

மோட்டர் நடுங்கிக்கொண்டும் உறுமிக்கொண்டும் புறப்பட மறுத்தால் அது வேறு கதை. தூரிகை இல்லாத இம்மோட்டர்களுக்கு மூன்று பருமனான கம்பிகளும், பெரும்பாலானவற்றில் ஐந்து மெல்லிய கம்பிகளும் செல்கின்றன. பருமனானவை வலுவைக் கொண்டுசெல்பவை. மெல்லியவை, காந்தம் இப்போது எங்கே நிற்கிறது என்று அறிவிக்கும் ஹோல் உணரிகளுக்கு உரியவை. எட்வின் ஹோல் 1879 இற் கண்டுபிடித்த விளைவு இன்று சைக்கிளின் குடத்துக்குள்ளே வேலை செய்கிறது. இக்கம்பிகள் யாவும் அச்சுத் தண்டின் வழியாகவே உள்ளே நுழைகின்றன. அச்சின் சுரைகள் தளர்ந்து, அச்சே சற்றுத் திரும்பிவிட்டால் கம்பிகள் நசுங்கும். ஆகையால் அச்சின் சுரைகளை மாதமொருமுறை சோதிப்பது வீண் வேலையன்று.

கட்டுப்படுத்தி கெட்டதா என்று அறிய, கருவியே வேண்டாத சோதனை ஒன்று உண்டு. பற்றரியைக் கழற்றிவிட்டுச் சில்லைக் கையாற் சுழற்றுங்கள். அது இறுகி இறுகிச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டருக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையிலுள்ள மூன்று பருமனான கம்பிகளின் தொடர்பைப் பிரித்துவிட்டு மறுபடி சுழற்றுங்கள். இப்போது இலகுவாகச் சுழன்றால், பெரும்பாலும் கட்டுப்படுத்தியின் திரான்சிற்றர்களுள் ஒன்று உடைந்து குறுஞ்சுற்றாகி, மோட்டரைத் தானே பிடித்து நிறுத்துகிறது என்று கொள்ளலாம். பிரித்த பின்னும் இறுக்கம் மாறாவிட்டால் கோளாறு மோட்டருக்குள்ளேதான்.

இறுதியாக மோட்டரிடம் வருகிறோம். வரவேண்டிய முறையும் இதுவே. மோட்டருக்குப் பெரும்பகை வெப்பம். மேட்டில் மெதுவாகப் போனால் மோட்டருக்குச் சுகம் என்று எண்ணுவோர் பலர். குடத்திலே பூட்டிய மோட்டருக்கு உண்மை அதற்கு மாறானது. மோட்டர் வேகமாகச் சுழலும்போது தன்னுள்ளே எதிர்மின்னியக்கவிசையைப் பிறப்பித்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. நடைவேகத்திற் சுழலும்போது அவ்விசை மிகக் குறைவு. கட்டுப்படுத்தி விடுமளவு ஓட்டம் உள்ளே பாய்ந்து, சுருள்களில் வெப்பமாகிறது. மேட்டுக்கு முன்னரே வேகம் எடுத்து, மிதித்து உதவி செய்துகொண்டு ஏறவேண்டும். மட்டுமீறிய வெப்பத்திற் காந்தங்களும் வலுவிழக்கும். சாதாரண வகை நியோடிமியம் காந்தத்துக்கு ஏறத்தாழ 80 பாகை செல்சியசே எல்லை. அவ்வாறு நலிந்த மோட்டர், சில்லைத் தூக்கிச் சுழற்றும்போது முன்னையிலும் வேகமாகச் சுழலும், பாரத்திலோ இழுக்காது. வேகங்கண்டு ஏமாறுவோர் இதையும் அறிந்திருத்தல் நன்று.

சில இடங்களில், அடிக்கடி துண்டிக்கும் காவற்சுற்றை விலக்கிவிட்டுக் கம்பியை நேராக இணைத்துக் கொடுப்பார்கள். வண்டி அன்று நன்றாக ஓடும். ஆனால் நலிந்த கலம் எல்லை கடந்து வறண்டு, பின்னர் மின்னேற்றும்போது தீப்பற்ற இடமுண்டு. இலிதியம் பற்றரிகள் மூட்டிய தீயினால் நியூயோர்க் நகரில் 2023 ஆம் ஆண்டில் மட்டும் 18 பேர் மாண்டனர். வீங்கிய பற்றரி, வெள்ளத்தில் நனைந்த பற்றரி, விழுந்து நசுங்கிய பற்றரி ஆகியவற்றை மின்னேற்றவே கூடாது. நல்ல பற்றரியையும் அதற்குரிய மின்னேற்றியாலேயே ஏற்றுதல் வேண்டும். உறங்கும் அறையிலும் வெளியேறும் வாயிலுக்கு அருகிலும் வைத்து ஏற்றலாகாது. பற்றரியின் உறையைத் திறப்பது வீட்டில் செய்யும் வேலையன்று.

வண்டியைத் திருத்தக் கொடுக்கும்போது ஒரு துண்டுத் தாளில் நான்கு குறிப்புகளை எழுதிக் கொடுங்கள்: மின்னேற்றி எத்தனை கிலோமீற்றர் ஓடிய பின் நின்றது, அப்போது மேடா, எதிர்க்காற்றா, குழியா, திரை அணைந்ததா, எரிந்ததா, எவ்வளவு நேரத்தின் பின் மீண்டது. "பற்றரி முடிந்தது" என்று அவர் சொன்னால், பாரம் ஏறிய நிலையிற் பற்றரியின் முனையிலும் கட்டுப்படுத்தியின் வாயிலிலும் எத்தனை வோல்ற்று நிற்கிறது என்று அளந்து காட்டும்படி கேளுங்கள். அளந்து காட்டுபவரிடம் வண்டியை விட்டுவிட்டு வரலாம்.